சாக்கடையும் நம்ம பாடம்தான்



"அரசியல் ஒரு சாக்கடை, அதுல காலை வைக்காதே." இந்த உபதேசத்தைக் கேட்காமல் நம்மில் ஒருவர்கூட பாலிடெக்னிக் படி ஏறியிருக்க மாட்டோம். அப்பா சொல்வார், மாமா சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் பெரியவர் திடீரென்று விழித்துக்கொண்டு அவரும் சொல்வார். நான் சிவில் மூன்றாமாண்டு. என் பதில் ஒன்றே ஒன்றுதான். ஐயா, சாக்கடைதான் எனக்குப் பாடமே! எத்தனை மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் சரிவு கொடுக்கணும், தண்ணீர் எந்த வேகத்தில் ஓடினால் மண் தேங்காமல் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்றெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். என்னைப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடு என்றால் எப்படி?

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கேன்டீனில் நாம் பேசுகிற அரசியலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடுத்த முதலமைச்சர் யார், டெல்லியில் யார் கவிழ்வார், எந்த நடிகர் எந்தக் கட்சிக்குப் போவார்... டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. "சரி மச்சான், உங்க வார்டு கவுன்சிலர் பேரு என்ன?" என்று விடுதியில் ஒரு ராத்திரி கேட்டுப் பார்த்தேன். அறையில் பதினோரு பேர். இரண்டு பேர் பெயர் சொன்னார்கள். ஒருத்தன், "எங்க வார்டு நம்பரே தெரியாதுடா" என்றான். நாட்டுக்கே பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்த வாய் அது!

எனக்கு நாட்டு அரசியலைப் பேசவேண்டாம் என்ற எண்ணம் கிடையாது. ஆனால் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நிற்க 25 வயது ஆகவேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். அரசியல் சட்டமே 243வி பிரிவில் அப்படி எழுதி வைத்திருக்கிறது. அதாவது டிப்ளமோ முடித்து இரண்டு மூன்று வருடத்தில் நமக்குத் திறக்கிற ஒரே கதவு அதுதான். அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கோட்டை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

நம்மில் பாதிப்பேர் பேரூராட்சிக்காரர்கள். ஊரென்றும் சொல்ல முடியாது, நகரமென்றும் சொல்ல முடியாது. ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு சந்தை, ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி, இரண்டு கல்யாண மண்டபம். தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி இருந்தன. மொத்தம் 12,838 வார்டு. அதில் 7,621 பேரூராட்சி வார்டுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரியாக ஒரு பேரூராட்சிக்குப் பதினைந்து பதினாறு உறுப்பினர். குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்தத் தெருவுக்கு முதலில் சிமென்ட் ரோடு, எரியாத விளக்கை எப்போது மாற்றுவது, குப்பை வண்டி எந்தச் சந்து வரை வரும், வீட்டு வரி எவ்வளவு, சந்தை ஏலம் யாருக்கு... இதெல்லாம் தீர்மானமாக வருவது இந்தப் பதினைந்து பேர் உட்காரும் மேஜைக்குத்தான். செயல் அலுவலர் அரசாங்கச் சம்பளக்காரர், மாற்றலாகிப் போய்விடுவார். இவர்கள் நம்ம தெருவில் இருப்பவர்கள்.

தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுக்கிறோமா என்றால், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாகப் போட்டார்கள். 2006இல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடி நேரடி. 2022இல் மறுபடி உறுப்பினர்கள். இப்படிப் பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றி விடுவதில் யாருக்கு லாபமோ, எனக்குப் புரியவில்லை. நம் கணக்குக்கு இது ஒன்றைத்தான் காட்டுகிறது: தலைவர் நாற்காலிக்கும் வழி வார்டு வழியாகத்தான்.

இன்னொரு விஷயம். ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 74ஆவது திருத்தம் சொல்கிறது. 2011இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வழக்கு, வார்டு வரையறை, வாய்தா... பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022இல்! ஐந்தரை வருடம் தனி அலுவலர் ஆட்சி. சட்டமன்றம் ஐந்தரை வருடம் இல்லாமல் இருந்திருந்தால் நாடு சும்மா இருந்திருக்குமா? நம் ஊரில் மன்றமே இல்லாமல் இருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்? கேட்க ஆளில்லாத பதவியைப் பறித்தாலும் சத்தம் வராது என்பது ஆட்சியில் இருப்பவர்களுக்கு, அது எந்தக் கட்சியானாலும், நன்றாகத் தெரியும்.

சரி, முதல் படிக்கு வருவோம். பட்டியலில் பெயர்.

18 வயதில் ஓட்டுரிமை என்பது 1989இல்தான் வந்தது, 61ஆவது திருத்தத்தால். அதற்கு முன் 21. முன்பெல்லாம் ஜனவரி 1ஆம் தேதி 18 நிறைந்திருந்தால்தான் அந்த வருடப் பட்டியலில் சேர்ப்பார்கள். ஜனவரி 2ஆம் தேதி பிறந்தவன் பாவம், ஒரு வருடம் காத்திருக்கணும். 2021இல் சட்டத்தைத் திருத்தி ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதி ஆக்கிவிட்டார்கள். 17 முடிந்ததுமே முன்கூட்டி மனுக் கொடுத்து வைக்கலாம், 18 ஆனதும் வரும் தேதியில் பெயர் ஏறும். ஆகவே முதலாமாண்டு தம்பி தங்கைகளே, "நான் இன்னும் சின்னப் பையன்" என்ற பாட்டு இங்கே செல்லாது.

புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறினாலோ, பெயரில் பிழை இருந்தாலோ படிவம் 8. வேறொருவர் பெயரை நீக்க வேண்டுமென்று ஆட்சேபிக்க படிவம் 7. ஒரு போட்டோ, வயதுக்கு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அல்லது பிறப்புச் சான்று, முகவரிக்கு ஒரு அத்தாட்சி. தாலுகா ஆபீசிலும் கொடுக்கலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம், செல்போனிலும் அனுப்பலாம். சாவடி அலுவலர் என்றதும் பெரிய ஆபீசர் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நம்மைப் பள்ளியில் படிக்க வைத்த டீச்சரோ, அங்கன்வாடி அக்காவோதான். சந்தேகமிருந்தால் 1950க்குப் போன் போட்டால் சொல்வார்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும் அது தனியாகப் பெயர் சேர்த்துப் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. அதில் இல்லாதவன் இதிலும் இல்லை.

விடுதி மாணவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: ஊரில் சேர்வதா, இங்கே சேர்வதா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவனுக்கு உண்டு. விடுதி முகவரியில் சேர்வதானால் நிறுவனத் தலைவரிடம் இங்கே படிக்கிறான் என்று கையெழுத்து வாங்கிக் கொடுக்கணும். இரண்டு இடத்திலும் சேரக்கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஊரிலேயே சேருங்கள் என்பேன். மூன்று வருடம் கழித்து நாம் போய்விடப் போகிற தெருவுக்குக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்து என்ன செய்ய? நம் அம்மா குடம் தூக்குகிற தெருவில் அல்லவா நம் ஓட்டு இருக்க வேண்டும்! ஆனால் ஒன்று, மாணவருக்குத் தபால் ஓட்டு கிடையாது. ஓட்டுப்போட ஊருக்குப் போகணும், பஸ்ஸில் இடம் கிடைக்காது, நின்றுகொண்டே போகணும். போகத்தான் வேண்டும்.

பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் சிறப்பு தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது 6 கோடியே 41 இலட்சம் பேர் இருந்த இடத்தில் 5 கோடியே 43 இலட்சம் பேர் இருந்தார்கள். செத்துப்போனவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவு, தேடிப்போனபோது வீட்டில் இல்லாதவர்கள் என்று காரணம் சொன்னார்கள். செத்தவர் பெயர் போவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் "வீட்டில் இல்லாதவர்" என்றால் யார்? திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவன், ஸ்ரீபெரும்புதூரில் அப்ரன்டிஸ் இருப்பவன், விடுதியில் இருக்கும் நீங்களும் நானும்! ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது பட்டியலைத் திறந்து நம் பெயரையும் அம்மா அப்பா பெயரையும் பார்த்துவிட வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடி அலறிப் பயனில்லை.

ஓட்டுப்போடும் வித்தையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வீட்டில் பார்த்திருப்பீர்கள். ஊராட்சிப் பகுதியில் இருப்பவருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். கலர் கலராக வாக்குச்சீட்டு வரும், முத்திரை குத்தணும். பேரூராட்சிக்காரருக்கு 2022இல் ஒரே ஓட்டு, மின்னணு இயந்திரத்தில். நாம் போவதற்குள் வேறு எவனாவது நம் பெயரில் போட்டுவிட்டுப் போயிருந்தால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. அடையாளத்தைக் காட்டி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேட்கலாம். 2018இல் வந்த 'சர்கார்' படம்தான் இந்த விதியை ஊருக்கே சொல்லிக்கொடுத்தது. சினிமாவும் சில சமயம் உருப்படியாக ஏதாவது செய்கிறது! ஆனால் அந்தச் சீட்டை உறையில் போட்டுத் தனியாக வைப்பார்கள், சாதாரணமாக எண்ண மாட்டார்கள். வழக்குக்குப் போனால்தான் அதற்கு உயிர். ஆகையால் காலையிலேயே போய்விடுவது உத்தமம்.

பணம்... இதைப் பேசாமல் தாண்டினால் கட்டுரை பொய்யாகிவிடும். வார்டுத் தேர்தலில் பணம் பேசுகிற அளவு சட்டமன்றத் தேர்தலில்கூடப் பேசாது. ஏனென்றால் வார்டில் இருப்பதே சில நூறு ஓட்டு. முப்பது ஓட்டில், இருபது ஓட்டில் முடிவு மாறும். சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். அப்படியிருக்க நாற்பது வீட்டுக் கதவைத் தட்டி ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் போதுமே! ஐந்நூறு ரூபாயை ஐந்து வருட நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 27 காசு. "வாங்குடா, அவன் காசா? நம்ம காசுதானே?" என்று என் சித்தப்பா கேட்கிறார். நம்ம காசு என்பது சரிதான் சித்தப்பா. ஆனால் அந்தக் காசை ரோட்டில் போட்டிருந்தால் ஜல்லி ஒரு அங்குலம் கூடுதலாக விழுந்திருக்கும் இல்லையா? கொடுத்தவன் அதை எங்கே எடுப்பான் என்று எஸ்டிமேட் போடத் தெரிந்த நமக்குமா புரியாது?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சாக்கடை கட்டினார்கள். அறுபது மீட்டர் நீளம். 200க்கு 1 என்ற சரிவு வைத்தால் கடைசியில் 30 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். கட்டி முடித்த நாளிலிருந்து தண்ணீர் நகரவே இல்லை. கொசு, நாற்றம், டெங்கு வந்து இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். விடுமுறைக்குப் போனபோது கொத்தனார் அண்ணனிடம் டியூப் லெவல் இரவல் வாங்கி, நானும் மெக்கானிக்கல் நண்பனும் அளந்து பார்த்தோம். முடிகிற இடம், தொடங்குகிற இடத்தைவிட ஏழு சென்டிமீட்டர் உயரம்! தண்ணீர் மேட்டில் ஏறணும் என்று எதிர்பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். கவுன்சிலர் அக்காவிடம் போய்ச் சொன்னோம். நல்ல மனுஷி. காசு வாங்குகிறவர் இல்லை என்று ஊரே சொல்லும். அவர் சொன்னார்: "வேலை முடிஞ்சுதுன்னு சொன்னாங்க தம்பி, கூட்டத்துல எல்லாரும் சரின்னோம். மட்டம் வச்சுப் பாக்கணும்னு எனக்கு யாரு சொல்லித் தந்தா?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. திட்ட மதிப்பீடு என்றால் என்ன, எம்-புக் என்றால் என்ன, அதில் எழுதிய அளவும் தரையில் இருக்கிற அளவும் ஒன்றா, கான்கிரீட்டை எத்தனை நாள் நனைக்கணும், மோட்டார் ஏன் மாதம் ஒருமுறை சுருள் எரிகிறது, தெருவிளக்கு லைனில் ஏன் வோல்டேஜ் விழுகிறது... பேரூராட்சி மன்றத்துக்கு வருகிற பத்துப் பொருளில் ஏழெட்டு நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது! சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் மூன்றும் சேர்ந்து ஒரு மன்றத்தில் உட்கார்ந்தால் எந்த கான்ட்ராக்டர் மேடு ஏறும் சாக்கடை கட்டுவான்? எம்.ஏ. படித்தவரும் வக்கீலும் மன்றத்துக்குத் தேவைதான். ஆனால் மட்டம் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் தேவை. அந்த ஒருவர் நாம்தான்.

நிற்பது எப்படி? 21 வயது, அந்தப் பேரூராட்சிப் பட்டியலில் பெயர், முன்மொழிய அந்த வார்டு வாக்காளர் ஒருவர். 2022இல் பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 500. ஒரு செல்போன் கவருக்கும் ஹெட்செட்டுக்கும் நாம் செலவழிக்கிற தொகை. செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் அதுவும் திரும்பி வரும். செலவு உச்சவரம்பு 17,000. கணக்கை முப்பது நாளுக்குள் ஒப்படைக்கணும். ஒப்படைக்காமல் விட்டால் அடுத்த தேர்தலுக்குத் தடை வரலாம். வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றுக்கும் உறுதிமொழி. வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடணும். பேரூராட்சியில் கான்ட்ராக்ட் ஓடிக்கொண்டிருப்பவர் உறுப்பினராக முடியாது. (மச்சான் பெயரில் எடுப்பது தனிக் கதை!) அரசு வேலையில் இருப்பவரும் நிற்க முடியாது. ஆகவே ஜே.இ. பரீட்சை எழுதப்போகிற நண்பர்கள் ஓட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை. ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. 2023இல் பேரூராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 2,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இதை நம்பிக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம்.

"கட்சி இல்லாமல் முடியுமா?" வார்டில் முடியும். 2022இல் பேரூராட்சி வார்டுகளில் சுயேச்சைகள் நூற்றுக்கணக்கில் ஜெயித்தார்கள். கட்சியில் சேர்ந்து நிற்பதும் கேவலமில்லை, கொள்கை பிடித்திருந்தால் சேரட்டும். எனக்கு வருத்தம் வேறு. அதே தேர்தலில் 218 வார்டுகளில் போட்டியே இல்லை. அதில் 196 பேரூராட்சி வார்டுகள். எதிர்த்து நிற்க ஒரு ஆள்கூட வரவில்லை, அல்லது வந்தவரை உட்கார வைத்துவிட்டார்கள். ஐந்தரை வருடம் காத்திருந்து, அந்த வார்டு மக்கள் ஒரு பட்டன்கூட அழுத்தாமலே கவுன்சிலரைப் பெற்றுக்கொண்டார்கள்! தோற்பதற்கென்றாவது ஒருவர் நின்றிருக்க வேண்டாமா? தோற்கிறவன் நின்றதால்தான் ஜெயித்தவன் வீடு வீடாக வந்து கும்பிடு போட்டிருப்பான்.

கேரளத்தைப் பாருங்கள். 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானபோது வயது 21, கல்லூரி மாணவி. அது மாநகராட்சி. அங்கே பாடப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு மேயர் நாற்காலிக்குப் போக முடிந்ததென்றால், இங்கே பதினைந்து வார்டு பேரூராட்சிக்குப் போக நமக்கு என்ன கேடு?

தோழியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2016இல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கினார்கள். பாதி நாற்காலி உங்களுடையது. ஆனால் பல ஊரில் நாற்காலியில் அக்கா, பேசுவது அக்காவின் வீட்டுக்காரர். அதிகாரிகளும் அவரையே "தலைவரே" என்று கூப்பிடுகிறார்கள். இதற்கு நம் எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் பிரிவில் பாதிக்கு மேல் இருக்கிற நீங்கள்தான் மாற்று. எஸ்டிமேட்டைத் தானே படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த பெண்ணுக்குப் பதிலாள் தேவைப்படாது. "பொண்ணை எவன் கட்டிப்பான்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். லேத் மெஷினில் நின்றபோதும் இதையேதான் கேட்டார்கள்.

பயமில்லாமல் நிற்கலாம் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி என்னால் எழுதிவிட முடியாது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே ஜெயித்த முருகேசன் 1997 ஜூன் 30இல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து ஆறு பேர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்து வருடம் தேர்தலையே நடத்த விடவில்லை, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் உட்கார்ந்தார்கள். நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிராஃப்டரில் கோடு போடுகிற நண்பன் ஊருக்குப் போய் மனுத்தாக்கல் செய்யப் போனால், அவனுக்கு வரும் எதிர்ப்பும் எனக்கு வரும் எதிர்ப்பும் ஒன்றல்ல. அதனால் சொல்கிறேன்: அவன் நிற்கும்போது முன்மொழிய, பூத் ஏஜென்டாக உட்கார, கூடவே தெருத்தெருவாக நடக்க அந்த வார்டில் இருக்கும் வேற்று சாதிப் பையன் ஒருத்தன் போக வேண்டும். விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று பெருமை பேசுகிறோமே, அது ஊர் எல்லையில் நின்றுவிட்டால் அந்தச் சாப்பாட்டுக்கு என்ன மரியாதை?

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களுக்கு ஐந்தாண்டு நிறைவது 2027 மார்ச்சில். அதற்குள் 21 முடிந்திருக்க வேண்டுமென்றால் 2006 மார்ச்சுக்கு முன் பிறந்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து நேரடி இரண்டாமாண்டு சேர்ந்த அண்ணன்மார் சிலருக்கு அந்த வயது இருக்கும். மற்ற நமக்கெல்லாம் அதற்கடுத்த தேர்தல். நல்லதுதான், இடையில் செய்ய நிறைய இருக்கிறது. வார்டு எல்லை எது என்று வரைபடம் போட்டு வையுங்கள், சர்வே படித்திருக்கிறோமே! பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் தெரு வேலையின் மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள். பக்கத்து ஊராட்சிக்காரர்கள் கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூட்டுகிறார்கள். போண்டா டீயோடு முடிந்துவிடாமல் ஒரே ஒரு கேள்வியாவது கேட்டுத் தீர்மான நோட்டில் ஏற்றிவிட்டு வாருங்கள். அப்புறம் நீங்கள் மனுத்தாக்கல் செய்யும்போது, "யார்றா இவன்?" என்று ஊர் கேட்காது.

எங்கள் தெருச் சாக்கடை கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். அளந்த விவரத்தை ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து, தெருவில் நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கி, கவுன்சிலர் அக்கா கையிலேயே கொடுத்து மன்றக் கூட்டத்தில் வைக்கச் சொன்னோம். அக்கா அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி, ஏழு சென்டிமீட்டர் என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கடைசி இருபது மீட்டரை உடைத்துக் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதை எழுதும்வரை உடைக்கவில்லை. பொங்கல் லீவுக்குப் போனால் மறுபடி டியூப் லெவலோடு நிற்பதாக இருக்கிறோம்.

படிவம் 6 கட்டாக யூனியன் அறையில் வைத்திருக்கிறோம். செவ்வாய், வியாழன் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எலெக்ட்ரிகல் இரண்டாமாண்டுத் தோழியர் இருவர் உட்கார்ந்து நிரப்ப உதவுவார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஜெராக்ஸ் ஒன்று, போட்டோ ஒன்று, வீட்டு முகவரிக்கு அத்தாட்சி ஒன்று எடுத்து வாருங்கள். விடுதி முகவரியில் சேர விரும்புகிறவர்கள் வார்டன் சாரிடம் முதலில் சொல்லிவிட்டு வரவும்; முதல்வர் கையெழுத்துக்கு இரண்டு நாள் ஆகும்.